பெயர் போடாமல் நான் எழுதிய ஒரு வரி

1

மாரியாத்தாள் சன்னதியில் நின்று சொல்ல வேண்டியதை, போக முடியாத காரணத்தால் உங்கள் முன்னால் சொல்கிறேன். படிப்பு குறைந்தவன் எழுதுவது. குற்றம் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இதில் சொல்லப்போகும் என் குற்றத்தை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டாம்.

போன பங்குனியில், இலங்கை மலையகத்தில் எங்கள் பன்னீர்மலைத் தேயிலைத் தோட்டத்துக் கோயிலில் கும்பாபிஷேகம் முடிந்து முதல் திருவிழா. அன்றைக்குத் தம்பி மணி தொலைபேசியில் கூப்பிட்டான். இங்கே ஜெர்மனியில் காலை பத்து மணி இருக்கும். நான் குளித்து, திருநீறு பூசி, சாமிப் படத்துக்கு ஊதுபத்தி கொளுத்திக்கொண்டிருந்தேன். ஊரில் திருவிழா என்றால் இங்கே நானும் விரதம். இருபத்தேழு வருஷமாக அப்படித்தான்.

"அண்ணே, சங்கதி கேட்டீங்களா? மொத தட்டு நம்ம வீட்டுக்கு வந்திருச்சுண்ணே!"

அவன் பேச்சுக்குப் பின்னால் தப்பு மேளச் சத்தம் கேட்டது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"நம்ம வீட்டுக்கா? செல்லம்மாக்கா வீட்டுக்குத்தானேடா போகும்?"

"இனிமே நமக்குத்தாண்ணே. புஸ்தகத்துல அடிச்சிட்டாங்க. கோயில்ல பளிங்குக் கல்லுலயும் வெட்டி வச்சிட்டாங்க. அம்மன் கல்ல நம்ம தாத்தாதான் இந்தியாவுல இருந்து கொண்டாந்தாருன்னு இன்டர்நெட்ல போட்டிருக்காமே! கமிட்டிப் பயலுக கண்டுபிடிச்சிருக்கானுங்க. எம் பொண்டாட்டி தட்ட வாங்கையில அழுதுட்டாண்ணே. ஒங்களுக்குத் தெரியுமா, அப்படிப் போட்டிருக்கிறது?"

தெரியும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதைப் போட்டவனே நான்தான்.

தட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மேல் டிவிசனில் திருவிழாப் பூசை முடிந்ததும் ஒரு தாம்பாளத்தில் தேங்காய் மூடி, பழம், வெற்றிலை, குங்குமம், அம்மன் கழுத்திலிருந்து இறக்கிய ஒரு மாலை எல்லாம் வைப்பார்கள். கோயில் தலைவர் அதைத் தலைமேல் தூக்கிக்கொண்டு, ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக நிற்கிற லயத்துக்கு இறங்குவார். முன்னால் தப்பு அடித்துக்கொண்டு போவார்கள். எந்தக் குடும்பம் அம்மனை முதலில் அந்த மலையில் வைத்ததோ அந்த வீட்டு வாசலில் தட்டு இறங்க வேண்டும். இறங்கிய பிறகுதான் மற்றவர்கள் விரதம் விடுவார்கள். எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் அது ஆறாம் லயத்தில் செல்லம்மாக்கா வீட்டு வாசலில்தான் இறங்கியது.

2

நான் எப்படி ஒரு கலைக்களஞ்சியத்துக்கு எழுதப் போனேன் என்று உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவன். அப்புறம் டிக்கோயாவில் ஒரு பாத்திரக்கடை, பிறகு கொழும்பில் ஒரு கடை. யுத்த காலம்; அங்கே இரண்டு தரம் போலீஸார் பிடித்துக்கொண்டு போய் விசாரித்தார்கள். மூன்றாம் தரம் வருமுன் அப்பா கடன் உடன் வாங்கி என்னை அனுப்பிவைத்தார்.

ஜெர்மனிக்கு வந்ததும் அகதி மனுவுக்கு முதல் விசாரணை. பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர், யாழ்ப்பாணத்து மனிதர்.

"எங்க பிறந்தனீங்கள் தம்பி?"

"லயத்துலங்க. ஆறாம் லயம், நாலாவது காம்பரா."

"ஆஸ்பத்திரியில இல்லையோ?"

"இல்லைங்க. மருத்துவச்சி வந்து பாத்தாங்க."

"ஊர்ப் பேர்?"

தோட்டத்தின் பெயரைச் சொன்னேன். அதிகாரியம்மா வரைபடத்தைத் திருப்பித் திருப்பித் தேடினார். இல்லை. மொழிபெயர்ப்பாளர் என் பக்கம் சாய்ந்து, "ஹட்டன் எண்டு போடுவம் தம்பி. அதுதான் மேப்பில கிடக்குது. உம்மட தோட்டத்தை இவைக்கு விளங்கப்படுத்திறதுக்குள்ள எனக்குப் பின்னேரமாயிடும்" என்றார்.

அன்று முதல் நான் ஹட்டனில் பிறந்தவன். விசா, திருமணப் பதிவு, மகளின் பிறப்புச் சான்று, கடைசியில் குடியுரிமைக் காகிதம் எல்லாவற்றிலும் ஹட்டன்தான். ஒரு தரம் திருத்தலாமா என்று கேட்டேன். பிறந்த இடம் அதுவல்ல என்பதற்கு ஆதாரம் கொண்டுவா என்றார்கள். என் தாத்தாவும் அப்படித்தான், இலங்கைக்காரன் என்பதற்கு ஆதாரம் இல்லாமல் பாதி ஆயுசு அரசாங்கக் கந்தோர் வாசலில் நின்றவர். எங்கள் ஆட்களுக்கு ஆதாரம் என்ற அந்த வார்த்தை புதிது இல்லை.

மகள் கவிதா சின்னவளாக இருந்தபோது செவ்வாய்க்கிழமைதோறும் நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப்போவேன். ஒன்றரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். எதிரே நகர நூலகம். உள்ளே வெதுவெதுப்பாக இருக்கும், கணினியும் இலவசம். ஒருநாள் சும்மா எங்கள் தோட்டத்தின் பெயரைத் தமிழில் அடித்துப் பார்த்தேன். எல்லோரும் சேர்ந்து எழுதுகிற அந்தக் களஞ்சியத்தில் ஒரு பக்கம் வந்தது. மொத்தம் மூன்று வரி. கடல் மட்டத்திலிருந்து எத்தனை அடி என்று இருந்தது. எத்தனை ஏக்கர் என்று இருந்தது. முதலில் காடு வெட்டிய துரையின் பெயர் இருந்தது. ஆள் ஒருவரும் இல்லை.

மேலே 'தொகு' என்று ஒரு சொல். தொட்டேன். எழுதுவதற்குக் கட்டம் திறந்தது. நீ யார், எங்கே பிறந்தாய், காகிதம் எங்கே என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. பெயர் கொடுக்காமலே எழுதலாம். பெயர் வரும் இடத்தில் அந்தக் கணினியின் எண் மட்டும் வரும் என்று சொன்னது. இந்த நாட்டுக்கு வந்து எந்தக் கதவும் எனக்கு அவ்வளவு சுலபமாகத் திறக்கவில்லை. அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கவிதா, "ஏன் பப்பா சிரிக்கிறியள்?" என்று கேட்டாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் கற்ற யாழ்ப்பாணத் தமிழ் அவளுடையது. என் தம்பியோடு போனில் பேசினால் இரண்டு பேரும் ஒருவர் பேச்சைக் கேட்டு ஒருவர் சிரித்துக்கொள்வார்கள்.

அப்புறம் செவ்வாய்க்கிழமை வராதா என்றிருக்கும். நானுஓயா ரயில் நிலையம் நுவரெலியா டவுனுக்குள் இருப்பது போல யாரோ எழுதியிருந்தார்கள். இறங்கி வேன் பிடிக்க வேண்டும் என்று திருத்தினேன். திம்புள்ளப் பக்கத்துத் தோட்டங்களுக்கு எங்கள் சனங்கள் சொல்லும் பெயர்களைச் சேர்த்தேன். எழுத்துப் பிழைகளை முகம் தெரியாத ஒருவர் பின்னாலேயே வந்து திருத்திவைப்பார். மழைக்குருவி என்பது அவர் வைத்துக்கொண்ட பெயர். ஒருமுறை என் எண்ணுக்குக் கீழே, "மலையகம் பற்றி எழுத ஆள் இல்லை. நீங்கள் யாரோ தெரியாது, தொடர்ந்து எழுதுங்கள்" என்று எழுதியிருந்தார். அதை அச்செடுத்து மடித்துச் சாமி அலமாரியில் வைத்தேன். இங்கே எனக்குக் கிடைத்த ஒரே நற்சான்று அதுதான்.

3

எங்கள் தோட்டத்துப் பக்கத்தில் கோயிலைப் பற்றி நான் எழுதிய வரி இது: 'இக்கோயிலின் மூலக்கல்லை இந்தியாவிலிருந்து கொண்டுவந்து பிரதிஷ்டை செய்தவர் கருப்பன் என்பவர்.'

கருப்பன் என் தாத்தா. 'என்பவர்' என்று போட்டது எனக்கே பெருமையாக இருந்தது. யாரோ வேற்று மனிதர் ஆராய்ந்து எழுதியது போல இருந்தது அல்லவா?

நான் வேண்டுமென்றே பொய் எழுதினேனா? பன்னிரண்டு வருஷமாக இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் அப்பா வீரையாதான் அந்த நாளில் கோயில் தலைவர். அவர் கொஞ்சம் போட்டுக்கொண்ட நாட்களில் அடுப்படியில் உட்கார்ந்து, "எங்கப்பன் துணியில முடிஞ்சி கொண்டாந்த கல்லுடா அது. எவனுக்குத் தெரியும்?" என்பார். நான் அதைக் கேட்டு வளர்ந்தவன்.

ஆனால் அம்மா என்ன சொன்னார் என்பதையும் கேட்டுத்தான் வளர்ந்தேன். ஒரு திருவிழாவில், எனக்கு ஏழெட்டு வயது, பசி தாங்காமல், "ஏம்மா தட்டு அந்த வீட்டுக்கே போகுது? நம்ம வீட்டுக்கு வந்தா சீக்கிரம் சாப்பிடலாம்ல?" என்று கேட்டேன். அம்மா என் தலையில் குட்டினார்.

"கன்னத்துல போட்டுக்கடா. அது காத்தாயி கொண்டாந்த அம்மன். புள்ளைங்களுக்கு அம்மை போட்ட வருசம், கீழ் டிவிசன் கோயிலுக்கு யாரும் வரக்கூடாதுன்னு மறிச்சிட்டாங்க. காத்தாயிதான் ஆத்துல கெடந்த கல்லக் கொழுந்துக் கூடையில போட்டு முதுகுல சொமந்தாந்து வச்சி, மஞ்சத்தண்ணி ஊத்துனா. அன்னைக்கு அவளுக்கு அரைப்பேருதான் போட்டாங்க, அர நாள் கூலி, கொழுந்து எடுக்காம கல்லு எடுத்தான்னு."

காத்தாயி செல்லம்மாக்காவின் தாயார். புருஷனை இழந்தவர். நான் பிறக்கும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்.

அடுப்படியில் அப்படிப் பேசிய அப்பா, திருவிழா அன்று என்ன செய்தார் தெரியுமா? தலைவர் என்ற முறையில் தட்டைத் தன் தலையில் தூக்கி, செருப்பில்லாமல் படி இறங்கி, காத்தாயி மகள் வாசலில் மண்டியிட்டு இறக்கினார். ஒரு வருஷம் கூடத் தவறியதில்லை. காய்ச்சலோடு ஒரு வருஷம் இறக்கினார். உண்மை எது என்று அவர் வாய் சொல்லாவிட்டாலும் அவர் தலை சுமந்தது. அதை நான் கண்ணால் பார்த்தவன். பார்த்தும், எழுத உட்கார்ந்தபோது, அவர் செய்ததை விட்டுவிட்டு அவர் சொன்னதை எழுதினேன்.

ஏன் என்று இப்போது என்னையே கேட்டுக்கொள்கிறேன். அந்த வாரம் நான் வேலை செய்யும் ரொட்டித் தொழிற்சாலையில் மேலாளர் என்னை எல்லோர் முன்னாலும் ஏசியிருந்தார். ரொட்டித் தட்டு மாற்றி அடுக்கிவிட்டேன், அவர் சொன்ன ஜெர்மன் எனக்குப் புரியவில்லை. எங்கள் குடும்பத்துக்கும் உலகத்தில் ஒரு வரி இருக்கட்டும் என்று நினைத்திருப்பேன். யாருக்கு நஷ்டம்? யார் வந்து படிக்கப் போகிறார்கள்?

உண்மைதான். பதினோரு வருஷம் யாரும் படிக்கவில்லை. கும்பாபிஷேக மலர் போட வரலாறு தேடிய கமிட்டிப் பிள்ளைகள் படித்தார்கள்.

4

மலர் தபாலில் வந்தது. மணி பெருமையாக அனுப்பியிருந்தான். ஏழாம் பக்கத்தில் கோயில் வரலாறு. என் பத்தி ஒரு சொல் மாறாமல் அப்படியே இருந்தது, அந்த 'என்பவர்' உட்பட. முன்னுரையில், 'ஊர்ப் பெரியோர்களிடம் கேட்டறிந்து தொகுக்கப்பட்டது' என்று போட்டிருந்தார்கள். எல்லா மலரிலும் போடுகிற வாசகம்தான்.

அன்றே களஞ்சியத்தைத் திறந்து அந்த வரியை எடுத்தேன். பாரம் இறங்கியது போல இருந்தது. தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் வரி திரும்ப இருக்கிறது. பக்கத்தில் சின்னதாக ஒரு எண்; அதைத் தொட்டால் கீழே எங்கள் மலரின் பெயர், பக்கம் ஏழு. யாரோ அதற்குள் மலரை ஆதாரமாகச் சேர்த்துவிட்டிருக்கிறார்கள். பன்னிரண்டு வருஷம் ஆதாரம் இல்லாமல் நின்ற என் வரிக்கு, அதையே பார்த்து எழுதிய புத்தகம் ஆதாரமாகிவிட்டது.

திரும்பப் போட்டவர் மழைக்குருவி. உரையாடல் பக்கத்தில் மரியாதையாகக் கேட்டிருந்தார்: "வணக்கம். மேற்கோள் உள்ள தகவலை ஏன் நீக்குகிறீர்கள்?"

நான் எழுதினேன்: "ஐயா, அந்த மலர் இந்தப் பக்கத்தைப் பார்த்து எழுதியது. இந்தப் பக்கத்தில் எழுதியது நான். நான் எழுதியது பொய்."

"நீங்கள்தான் எழுதினீர்கள் என்பதை எப்படி உறுதி செய்வது? அந்த எண் ஜெர்மனியில் உள்ள ஒரு பொது நூலகத்தினுடையது. உங்கள் எண் வேறாக இருக்கிறது."

"இப்போது வீட்டிலிருந்து எழுதுகிறேன் ஐயா. அப்போது மகளின் நீச்சல் வகுப்புக்காக நூலகத்தில் இருந்தேன்."

அதை எழுதிவிட்டு நானே படித்துப் பார்த்தேன். எந்த அலுவலகத்தில் இதை ஒத்துக்கொள்வார்கள்?

அவர் பதில் மறுநாள் வந்தது. "உங்கள் வருத்தம் புரிகிறது. மலர்க் குழுவினர் பெரியவர்களிடம் கேட்டு எழுதியதாக முன்னுரையில் சொல்கிறார்கள். தனி மனிதரின் நினைவை நாம் ஆதாரமாக எடுத்துக்கொள்ள இயலாது. பெயர் இல்லாதவரின் நினைவை எப்படி எடுப்பது? அச்சில் வந்தது ஏதாவது இருந்தால் தாருங்கள், உடனே மாற்றுகிறேன். அதுவரை 'இதில் கருத்து வேறுபாடு உண்டு' என்று ஒரு குறிப்பு இட்டு வைக்கிறேன். தவறாக எண்ண வேண்டாம்."

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறார். ஆனால் கருத்து வேறுபாடு என்று சொல்ல அங்கே யார் இருக்கிறார்கள்? காத்தாயி பக்கம் பேச ஒருவரும் இல்லை, பொய் எழுதிய நான் ஒருவன்தான்.

விடுமுறைக்கு வந்த கவிதாவிடம் சொன்னேன். தமிழ்ப் பள்ளியை விட்டபின் அவளுக்குத் தமிழ் எழுத்து மறந்துவிட்டது. போனில் மொழிமாற்றிப் படித்தாள். "பப்பா, இதுக்கு ஏன் இவ்வளவு கவலைப்படுறியள்? பேர் ஒண்டும் இல்லைத்தானே. நீங்கள் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது."

"அம்மனுக்குத் தெரியும்மா."

அவள் என்னைப் பார்த்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தாள்.

5

கமிட்டிச் செயலாளரைக் கூப்பிட்டேன். நல்ல பையன். ஹட்டனில் வேலை செய்துகொண்டு, ஓய்வு நாளிலெல்லாம் கோயில் வேலைக்கு ஓடியவன்.

"அண்ணே, இப்ப போயி தப்புன்னா எப்புடிண்ணே? கல்லு பதிச்சாச்சு. பெரிய ஆளுங்க கையால தெறந்து வச்சது. அதப் பேத்தா கமிட்டி மானம் என்னாகும்?"

"செல்லம்மாக்காகிட்ட கேக்கலயாப்பா?"

"கேட்டோம்ண்ணே, கேக்காம இல்ல. எங்கம்மா கூடையில தூக்கியாந்துச்சுன்னு சொன்னிச்சு. அதுக்கு ஆதாரம் இருக்கா பாட்டின்னு கேட்டோம். அப்படியே திரும்பி வீட்டுக்குப் போயிருச்சு."

ஆதாரம் என்ற அந்தச் சொல்லைச் சொல்லிச் செல்லம்மாக்காவிடமும் கேட்டார்கள் என்றதும் நான் போனை வைத்துவிட்டேன்.

அடுத்தது மணி. எல்லாவற்றையும் சொன்னேன். எழுதியவன் நான் என்பதையும் சொன்னேன்.

"அண்ணே, இத வேற யார்கிட்டயும் சொல்லிட்டீங்களா?"

"செயலாளர்கிட்ட தப்புன்னு மட்டும் சொன்னேன்."

"அதோட விட்டுருங்கண்ணே. அந்த வீட்டுக்கு அத்தன வருசம் போச்சில்ல? கொஞ்ச காலம் நம்ம வீட்டுக்கும் வரட்டுமே. மகளப் பொண்ணு பாக்க வந்தவங்க கல்லுல தாத்தா பேரப் பாத்துட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாங்கண்ணே. நம்மள யாராச்சும் இதுக்கு முந்தி கும்பிட்டிருக்காங்களா?"

"அப்பாவே தலையில தூக்கிட்டுப் போயி அங்கதானடா எறக்கினாரு."

"அப்பா செத்துட்டாரு. நீங்க ஜெர்மனியில இருக்கீங்க, ஒங்களுக்கு ஒரு பேரு இருக்கு. நான் இன்னும் அதே லயத்துல இருக்கேன். எனக்கு இதுதாண்ணே பேரு. நீங்களே குடுத்தீங்க, நீங்களே புடுங்காதீங்க."

அவன் சொன்னதில் பொய் இல்லை. அதன் பிறகு அவன் என் அழைப்பை எடுப்பதில்லை. தீபாவளிக்குக் கூட எடுக்கவில்லை.

6

இதயத்தில் குழாய் வைத்த பிறகு டாக்டர் நீண்ட விமானப் பயணம் வேண்டாம் என்றுவிட்டார். இல்லாவிட்டால் நடந்தாவது போயிருப்பேன். செல்லம்மாக்காவிடம் போன் இல்லை. பக்கத்துக் காம்பராப் பெண்ணின் எண்ணைத் தேடி வாங்குவதற்கு மூன்று வாரம் பிடித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் போனைக் கொண்டுபோய்க் கொடுத்தது.

"யாரு, தங்கராசா? ஏய்யா, நல்லா இருக்கியா? நெஞ்சுல என்னமோ ஆப்ரேசனாமே? நேரத்துக்குத் திங்கிறியா?"

குரல் மெலிந்திருந்தது. இடையிடையே மூச்சு வாங்கியது. டிக்கோயா ஆஸ்பத்திரியில் கிளினிக்குக்குப் போய்வருகிறாராம்.

"கோயிலுக்குப் போறதில்லயாமே அக்கா?"

"மேடு ஏற முடியலய்யா." கொஞ்சம் நிறுத்தி, "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது?" என்றார்.

"நீங்க ஏங்கக்கா அப்படிச் சொல்றீங்க?"

"இல்லய்யா. தட்டு வரலன்னு எனக்கு வருத்தமில்ல. மாரியாத்தா சத்தியமா இல்ல. எழுதி வச்சிருக்குதாமே, ஒலகம் பூராப் பாக்குற மாதிரி. படிச்சவங்க பொய்யா எழுதுவாங்க? எங்கம்மாதான் என்னமோ பெருமைக்குச் சொல்லிருக்கு. சாகையில கூட என் கையப் புடிச்சிக்கிட்டு, ஆத்தாள எம் முதுகுல சொமந்தேன்டி, அவ என்னைச் சொமப்பான்னு சொல்லிட்டுத்தான் போனிச்சு. சாகையிலயுமா ஒரு மனுசி பொய் சொல்லும்? அத நெனச்சாத்தான் எனக்குத் தூக்கம் வரல."

நான் அழுதேன். அழுதுகொண்டே சொன்னேன்: "அக்கா, அந்தப் படிச்சவன் யாரும் இல்ல. நான்தான் எழுதினேன். தங்கராசுதான். ஒங்கம்மா சொன்னது சத்தியம். நான் எழுதினதுதான் பொய்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

"நீயாய்யா எழுதுன?" என்றார். குரலில் கோபம் இல்லை, ஒரு நிம்மதி மாதிரி இருந்தது. "அதான பாத்தேன். யாரோ எவரோ எழுதிட்டாங்கன்னு நெனச்சேன். நீ தங்கமான புள்ள. நீ எழுதுனா சரியாத்தான்யா இருக்கும்."

"இல்லக்கா! கேளுங்க. எங்கப்பாவே தட்ட ஒங்க வாசல்லதான எறக்கினாரு? அதுவே பெரிய ஆதாரம் இல்லயா?"

"அதத்தான்யா இப்ப நெனச்சுக்கிட்டிருக்கேன். தன் அப்பன் கொண்டாந்த சாமி, தன் வீட்டு மரியாத. அதக் கொண்டாந்து புருசன் இல்லாத பொம்பள வாசல்ல எறக்கிருக்காரே! பாவம்னு பாத்துக் குடுத்திருக்காருய்யா. மகராசன். அது புரியாம நாங்க மரியாதன்னு நெனச்சி வாங்கித் தின்னிருக்கோம்."

எத்தனை முறை இல்லை இல்லை என்றேன் என்று கணக்கில்லை. அப்பா போதையில் சொன்ன பொய்யைத்தான் எழுதினேன் என்றேன். செத்தவரைப் பொய்யன் என்று பேசாதே என்று என்னை அடக்கினார். என்னைத் தேற்றினார். நெஞ்சு நோகும், அழாதே என்றார். நேரத்துக்கு மாத்திரை போடு என்று சொல்லிப் போனை அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு இரண்டு தரம் கூப்பிட்டேன். அக்கா படுத்திருக்கிறார் என்று அந்தப் பெண் சொன்னது.

7

அச்சில் வந்தது வேண்டும் என்று மழைக்குருவி கேட்டார். அதனால்தான் இந்தப் பத்திரிகைக்கு எழுதுகிறேன். இதை அவர் ஏற்பாரோ மாட்டாரோ, அது அவர் தர்மம். பெயர் போடாமல் எழுதியதால் வந்த வினை. இதைப் பெயர் போட்டு எழுதுகிறேன். இதற்குப் பிறகு என் தம்பி என்னோடு எந்தக் காலத்திலும் பேசப் போவதில்லை என்று தெரிந்தே எழுதுகிறேன். அவன் மகளின் கல்யாணத்துக்கு இதனால் ஒரு குறையும் வரக்கூடாது என்று அம்மனிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்தப் பிள்ளை ஒரு பாவமும் அறியாதவள்.

பன்னீர்மலைத் தோட்டம், மேல் டிவிசன், வீரையா மகன் தங்கராசு ஆகிய நான் சொல்கிறேன். எங்கள் மாரியம்மனின் மூலக்கல்லை ஆற்றிலிருந்து எடுத்துக் கொழுந்துக் கூடையில் சுமந்துவந்து வைத்தவர் காத்தாயி. என் தாத்தா கருப்பன் அல்ல. என் தகப்பனார் உயிரோடு இருந்தவரை முதல் தட்டைக் காத்தாயி மகள் வாசலில் இறக்கியது இரக்கத்தால் அல்ல. அது அந்த வீட்டுக்கு உரியது என்று அவருக்குத் தெரியும்.

உங்களில் யாராவது அந்தப் பக்கம் போனால் ஒரு உதவி செய்யுங்கள். கோயிலுக்குக் கீழே ஆறாம் லயம், கடைசிக் காம்பரா. வாசலில் சாமந்திச் செடி இருக்கும். செல்லம்மாக்காவுக்கு வாசிக்கத் தெரியாது. உட்கார்ந்து இதை நிதானமாக வாசித்துக் காட்டுங்கள், காது கொஞ்சம் மந்தம். வாசித்து முடித்ததும் யார் எழுதியது என்று கேட்பார்.

தங்கராசு எழுதியது என்றே சொல்லுங்கள்.